கோயில் நோட்டீஸில் ஓம் குறி ஏன் கட்டமாக வருகிறது, விசைப்பலகையில் இல்லாததை எப்படி அடிப்பது

தம்பி கேட்டது இதுதான். தோட்டத்து மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழா நோட்டீஸை மடிக்கணினியில் அடித்துக்கொண்டிருக்கிறார். உச்சியில் தமிழ் ஓம் வேண்டும், பெரியவர்கள் சொல்கிறபடி ஆண்டு, மாதம், நாள் குறிகள் வேண்டும், பால்குடப் பட்டியலில் ½ லிட்டர் வேண்டும், தமிழ் எண்களும் வேண்டும். அவர் மடிக்கணினியின் பலகையில் வலது பக்கத்துத் தனி எண் கட்டம் இல்லையாம். எங்கோ பார்த்த ஆல்ட் எண்கள் எதுவும் வேலை செய்யவில்லை. பழைய நோட்டீஸிலிருந்து நகல் எடுத்து ஒட்டினால் அச்சுக்கடையில் வெறும் கட்டமாக நிற்கிறது. "பலகையில் இல்லாத குறிகளை எப்படித்தான் அடிக்கிறீர்கள், அக்கா?"

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் 22 வருடமாகத் தட்டச்சு, போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். கோயில் நோட்டீஸ், தமிழ்ப்பள்ளிக் கேள்வித்தாள், கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கார்டு எல்லாம் இந்த மேசையைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. அதனால் வழிகளை மட்டும் சொல்லாமல் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன். காரணம் பிடிபட்டால் அடுத்த முறை யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

தோட்டத்தில் செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேடு, தெரியும் அல்லவா? ரப்பர் பால் மரம் வெட்டுகிறவர் யாராக இருந்தாலும் செக்ரோலில் அவருக்கு ஓர் எண் உண்டு. சட்டை மாற்றினாலும் வெட்டும் இடம் மாறினாலும் எண் மாறாது. கணினிக்குள் எழுத்துகளும் அப்படித்தான். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் போட்ட செக்ரோல்தான் யூனிகோடு. அதன் முதல் பதிப்பு 1991-இல் வந்தது, அப்போதே அதில் தமிழ் இருந்தது. தமிழுக்கு என்று 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் தமிழ் ஓம் ௐ-வின் எண் 3024. ஆய்த எழுத்து ஃ-வின் எண் 2947.

எண் ஒன்று, அதை உள்ளே அனுப்பும் விசை வேறு, திரையில் தெரியும் வடிவம் இன்னொன்று. வடிவத்தைத் தருவது எழுத்துரு, அதாவது ஃபாண்ட். நீங்கள் ஒட்டிய ஓம் கட்டமாக வந்ததே, அந்தக் கட்டத்துக்கு அர்த்தம் "எண் வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் என்னிடம் இதற்கு உருவம் இல்லை" என்பதுதான். தமிழ் ஓம் யூனிகோடில் ஏறியது 2008-இல். அதற்கு முன்பு செய்த எழுத்துருக்களில் அந்த இடமே காலியாக இருக்கும். எழுத்துருவை நிர்மலா யூஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள், அதே கட்டம் ஓமாக மாறும். அடித்ததை அழிக்க வேண்டியதில்லை.

கேள்விக்குறியாக வந்தால் கதை வேறு. வரிசையாக ????? என்று வந்தால் எண்ணே தொலைந்துவிட்டது என்று பொருள். கோப்பைச் சேமிக்கும்போது அன்சி என்ற பழைய முறையில் சேமித்திருப்பார்கள். அதில் மொத்தமே 256 இடங்கள்தான், தமிழுக்கு அங்கே இடமில்லை. எந்த எழுத்துரு போட்டாலும் அது திரும்பி வராது, மறுபடி அடிக்கத்தான் வேண்டும். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறை இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். 2019-க்குப் பிறகு வந்த விண்டோஸ் நோட்பேடில் அது தானாகவே இருக்கும். கட்டத்துக்குப் பயப்பட வேண்டாம், கேள்விக்குறியைப் பார்த்தால்தான் பயப்பட வேண்டும். இதை என் கடைக்கு வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் முதல் நாளே சொல்லியிருக்கிறேன்.

சரி, இப்போது ஆல்ட் எண்களுக்கு வருவோம். ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி எண்ணை அடித்து, ஆல்டை விட்டால் குறி வரும். ஆனால் எண்ணை விசைப்பலகையின் வலது பக்கத்தில் தனியாக இருக்கும் எண் கட்டத்தில்தான் அடிக்க வேண்டும். எழுத்துகளுக்கு மேலே வரிசையாக இருக்கும் எண்களில் அடித்தால் ஒன்றும் நடக்காது. எண் கட்டத்தை இயக்கும் நம்லாக் விளக்கு எரிந்துகொண்டிருக்கவும் வேண்டும். உங்கள் மடிக்கணினியில் வலது பக்க எண் கட்டம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை செய்யாததற்கு முதல் காரணம் அதுவே. யூஎஸ்பி-யில் செருகும் தனி எண் பலகை கிடைக்கிறது. அடிக்கடி அடிக்கிறவர் என்றால் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம், முன்னால் வரும் பூஜ்யம். பழைய ஐபிஎம் கணினிக் காலத்து எண்கள் ஒரு பட்டியல், பிறகு விண்டோஸ் வைத்துக்கொண்ட எண்கள் இன்னொரு பட்டியல். பூஜ்யம் போடாமல் அடித்தால் பழைய பட்டியல், போட்டு அடித்தால் விண்டோஸ் பட்டியல். ஒரே குறிக்கு இரண்டிலும் வெவ்வேறு எண். பாகைக் குறி ° வேண்டுமானால் பழையதில் 248, விண்டோஸில் 0176. பூஜ்யத்தோடு அடித்தே பழகுங்கள், குழப்பம் குறையும். ½-க்கு 0189, ¼-க்கு 0188, ¾-க்கு 0190, பெருக்கல் ×-க்கு 0215, வகுத்தல் ÷-க்கு 0247, நடுத்தரக் கோடு –-க்கு 0150, உருண்டைப் புள்ளி •-க்கு 0149. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இந்த ஏழையும் ஒரு தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிவைத்தால் போதும். வருடம் முழுவதும் அடிக்கும் கணிதக் கேள்வித்தாளுக்குப் பெரும்பாலும் இவையே வேண்டியிருக்கும்.

மூன்றாவது காரணம்தான் தமிழ்க் குறிகளில் உங்களைத் தடுக்கி விழவைத்தது. 255-க்கு மேற்பட்ட எண்ணை எல்லா மென்பொருளும் ஏற்றுக்கொள்ளாது. மைக்ரோசாப்ட் வேர்டில் ஆல்ட் பிடித்து 3024 அடித்தால் ௐ வரும். வேறு பல இடங்களில் அதே 3024-ஐ 256-ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாத ஒரு குறியைக் கொண்டுவந்து நிறுத்தும். எண்ணில் தவறில்லை, அடித்த இடம்தான் தவறு. ஆகவே தமிழ்க் குறிகளை வேர்டில் அடித்துக்கொண்டு, அங்கிருந்து வேண்டிய இடத்துக்கு நகலெடுங்கள்.

வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் எண் கட்டமே தேவைப்படாத வழி ஒன்று உண்டு. நான் தினமும் பயன்படுத்துவது அதுதான். ஒவ்வொரு எழுத்துக்கும் பதினாறு அடிமான எண் ஒன்று இருக்கிறது, அதில் எண்களோடு ஏ முதல் எஃப் வரையுள்ள ஆங்கில எழுத்துகளும் கலந்து வரும். தமிழ் ஓமுக்கு அது 0, பி, டி, 0 (0BD0). இந்த நான்கையும் ஆங்கிலத்தில் அடித்துவிட்டு, உடனே ஆல்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்துங்கள். நான்கும் மறைந்து ௐ நிற்கும். விசைப்பலகை தமிழில் இருந்தால் பி-யும் டி-யும் வேறு எழுத்தாகிவிடும் என்பதால், முதலில் விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இதன் அருமை திரும்பிப் போகும்போதுதான் தெரியும். யாரோ அனுப்பிய நோட்டீஸில் ஏதோ ஒரு குறி இருக்கிறது, என்ன குறி என்று தெரியவில்லை. அதை ஒட்டியபடி பின்னால் கர்சரை வைத்து ஆல்ட், எக்ஸ் அழுத்துங்கள், குறி மறைந்து அதன் எண் தெரியும். மறுபடி அழுத்தினால் குறி திரும்பிவிடும். பழைய கோப்புகளில் என்ன இருக்கிறது என்று நான் சோதிப்பது இப்படித்தான். ஓம் என்று நினைத்து இந்திக்கார ஓமை ஒட்டியிருப்பவர்கள் நிறையப் பேர். எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும், நாம் வழக்கமாக அடிக்கும் தமிழ் எழுத்துகளின் எண்கள் எல்லாம் 0, பி என்றுதான் தொடங்கும். நமக்கென்று ஓர் ஓம் இருக்கும்போது, நம் கோயில் நோட்டீஸில் அது நிற்பதைத்தான் நான் விரும்புகிறேன்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. ஓர் ஆசிரியை அறிவியல் தாளில் 28° என்று அடிக்க வேண்டியிருந்தது. 28 அடித்தார், இடைவெளி விடாமல் பாகைக் குறிக்கான பி, 0 அடித்தார், ஆல்ட், எக்ஸ் அழுத்தினார். வந்தது சில புள்ளிகள் மட்டும். கணினி "28பி0" முழுவதையும் ஒரே எண்ணாக எடுத்துக்கொண்டது. அது பார்வையற்றோர் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடம். கணினி கெட்டுவிட்டது என்றே அவர் நினைத்துவிட்டார். எண்ணுக்குப் பக்கத்தில் குறி வரவேண்டி இருந்தால், குறிக்கான பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு ஆல்ட், எக்ஸ் அழுத்துங்கள், சரியாகிவிடும்.

இனி உங்கள் நோட்டீஸுக்கு நேராக வருகிறேன். உச்சியில் போடும் பிள்ளையார் சுழிக்குத் தனிக்குறி தேடாதீர்கள். உ என்ற எழுத்தை அடித்து, நடுவில் வைத்து, அளவைக் கூட்டினால் போதும். அதற்குக் கீழே ௐ. பிறகு ஆண்டு, மாதம், நாள். இந்தக் குறிகள் யூனிகோடில் ஏறியது 2003-இல். எண்கள் வரிசையாக இருப்பதால் மனதில் நிற்கும்: நாள் ௳ 3059, மாதம் ௴ 3060, வருடம் ௵ 3061. அதற்கு அடுத்தவை கணக்குப் புத்தகக் குறிகள்: பற்று ௶ 3062, வரவு ௷ 3063, மேற்படி ௸ 3064, ரூபாய் ௹ 3065, எண் என்பதற்கான ௺ 3066. "விசுவாவசு௵ ஆடி௴ 15௳" என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள், பழைய பத்திரிகையின் களை வந்துவிடும். ஆனால் இளையவர்கள் பலருக்கு இந்தக் குறிகள் தெரியாது. தேதியை அடுத்த வரியில் வழக்கம்போலவும் போட்டுவிடுங்கள், வெளியூரிலிருந்து வருகிறவர் நாளைத் தவறவிடக் கூடாது.

ரூபாய்க் குறியைக் காசு விஷயத்தில் போடாதீர்கள். நம் ரிங்கிட்டுக்கு ஒற்றைக் குறி கிடையாது. ரி.ம. 50 என்றோ 50 வெள்ளி என்றோ எழுதினால் எல்லோருக்கும் புரியும்.

தமிழ் எண்களும் கேட்டிருந்தீர்கள். ௧-இலிருந்து ௯ வரை 3047 முதல் 3055 வரை, அப்புறம் பத்து ௰ 3056, நூறு ௱ 3057, ஆயிரம் ௲ 3058. இங்கே பலரும் செய்யும் தவறு, ௧-க்குப் பதிலாகக் க என்ற எழுத்தையும், ௨-க்குப் பதிலாக உ-வையும், ௭-க்கு எ-வையும் அடித்துவிடுவது. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு ஆட்கள். தாளில் அச்சடிக்க மட்டும் என்றால் பெரிய பாதகமில்லை. பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்தவோ தேடவோ போனால் அப்போது தெரியும் வலி.

அந்த வலி என்னவென்று ஒரு பட்டியலில் நேராகவே பார்த்திருக்கிறேன். திருப்பணிக்குக் கொடுத்தவர்கள் பெயர்களை மூன்று பேர் மூன்று கணினியில் அடித்துத் தந்திருந்தார்கள். கௌரி என்ற பெயரைத் தேடினேன், பாதிதான் வந்தது. மீதியை அடித்தவர் கௌ என்பதற்குப் பதிலாகக் கெ அடித்து, பக்கத்தில் ள அடித்திருந்தார். கௌரி, கெளரி என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சில எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. ஸ்ரீ-யில் சிக்கல் இன்னும் ஆழம். அதை ஸ-வில் தொடங்கியும் அடிக்கலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்கியும் அடிக்கலாம். யூனிகோடு பரிந்துரைப்பது இரண்டாவதை, நம்மிடம் உள்ள பல விசைப்பலகைகள் தருவதோ முதலாவதை. இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரியும், தேடினால் மட்டும் ஒன்றுக்கு மற்றது கிடைக்காது. அன்றைக்கு ஸ்ரீதேவி, ஸ்ரீதரன், ஸ்ரீராமுலு எல்லோரையும் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் விடுபட்டால் அந்த மனவருத்தம் தலைமுறைக்கும் நிற்கும், அதனால்தான் இதைப் பெரிதாகச் சொல்கிறேன். உங்கள் நிர்வாகக் குழுவில் எல்லோரும் ஸ்ரீ-யை ஒரே விதமாக அடிக்க முடிவு செய்துகொள்ளுங்கள்.

எண்களே வேண்டாம், பார்த்து எடுத்துக்கொள்கிறேன் என்றால் அதற்கும் வழி உண்டு. விண்டோஸ் விசையையும் முற்றுப்புள்ளியையும் அழுத்தினால் ஈமோஜிப் பெட்டி வரும், அதில் குறிகள் பகுதிக்குப் போனால் கணிதம், நாணயம், அம்புக்குறி எல்லாம் இருக்கும். தமிழ்க் குறிகளை அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அவற்றுக்குக் கேரக்டர் மேப் என்ற பழைய சின்ன மென்பொருள் இருக்கிறது. அதைத் திறந்து, எழுத்துருவாக நிர்மலா யூஐ-யைத் தேர்ந்தெடுத்து, தமிழ் எழுத்துகள் இருக்கும் இடம்வரை இறங்கினால் ௐ முதல் ௺ வரை கண்ணுக்கு முன்னால் நிற்கும். எண் கட்டம் இல்லாத உங்கள் மடிக்கணினிக்கு முதல் நாளில் இதுவே சுலபம்.

ஆப்பிள் கணினியில் கண்ட்ரோல், கமாண்ட், இடைவெளி மூன்றையும் அழுத்தினால் குறிப் பெட்டி திறக்கும். ° வேண்டுமானால் ஆப்ஷன், ஷிப்ட், 8. லினக்ஸில் பெரும்பாலும் கண்ட்ரோல், ஷிப்ட், யூ அழுத்திப் பதினாறு அடிமான எண்ணை அடித்து என்டர் தட்ட வேண்டும். கைப்பேசியில் எண்களின் பக்கத்துக்குப் போய் 0-வை அழுத்திப் பிடித்தால் சில பலகைகளில் ° மேலே எட்டிப் பார்க்கும். எக்ஸெலில் கணக்கு எழுதுகிறவருக்கு யூனிசார் என்ற சூத்திரம் உண்டு, அடைப்புக்குறிக்குள் 3063 கொடுத்தால் கட்டத்தில் ௷ வரும்.

எல்லாவற்றையும் விட நான் பரிந்துரைப்பது, ஒருமுறை கஷ்டப்பட்டு அடித்த குறிக்கு நீங்களே ஒரு சுருக்கு வைத்துக்கொள்வது. வேர்டில் ஆப்ஷன்ஸுக்குள் போனால் ஆட்டோகரெக்ட் பட்டியல் இருக்கும். "ஓஓ" என்று அடித்தால் ௐ ஆக மாற்று என்று அதில் சேர்த்துவிடுங்கள். அடுத்த வருடம் நோட்டீஸ் அடிக்கும்போது எண் ஞாபகம் இல்லாவிட்டாலும் கை ஞாபகம் வைத்திருக்கும். சுருக்காக வைப்பது அன்றாடம் வராத சொல்லாக இருக்கட்டும். மாதத்துக்கு "மாமா" என்று வைத்தால், பத்திரிகையில் மாமா என்ற சொல்லை அடிக்கும் இடமெல்லாம் ௴ ஆகிவிடும்.

இவ்வளவையும் நான் இத்தனை அக்கறையாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. யூனிகோடு எல்லோர் கைக்கும் வராத காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு என்ற தமிழ் மென்பொருள் போன்றவற்றால் தமிழைக் கணினியில் அடிக்க முடிந்தது, அதுவே பெரிய விஷயம். ஆனால் அந்நாளைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் எண்களிலும் பக்கத்து எண்களிலும் உட்கார்ந்திருக்கும். ஒருவரின் கோப்பு இன்னொருவரிடம் போனால், அதே எழுத்துரு அங்கேயும் இருந்தாக வேண்டும். நான் கடை தொடங்கிய புதிதில், ஒரு கோயிலுக்காக உச்சியில் ஓம் போட்டு அடித்த நோட்டீஸை வட்டிலேற்றி ஓர் அச்சகத்துக்குக் கொடுத்து அனுப்பினேன். அங்கே அந்த எழுத்துரு இல்லை. தமிழ் வரிகளை வேறு எழுத்துருவில் சரிசெய்தவர்கள் உச்சியைப் பார்க்கவில்லை. 500 தாளிலும் அம்மன் படத்துக்கு மேலே ஒற்றை ஆங்கில எழுத்து நின்றது. கோயில் தலைவர் என்னைத் திட்டவில்லை, ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். இன்று ௐ-வுக்கு அதற்கே உரிய எண் இருக்கிறது. உருவம் தெரியாமல் போகலாம், ஆள் மாறிப் போகாது.

2019-இல் பழைய பின்னக் குறிகள், அளவைக் குறிகள் என்று மேலும் 51 தமிழ்க் குறிகளைத் தனிப் பகுதியாக யூனிகோடில் சேர்த்தார்கள். கால், அரை, முக்காலுக்கான பழைய வடிவங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றைக் கொண்ட எழுத்துருக்கள் இன்னும் மிகக் குறைவு, அதனால் நோட்டீஸில் வேண்டாம், ½ என்றே போடுங்கள். வேர்டில் 1/2 என்று அடித்து இடைவெளி விட்டாலே பெரும்பாலும் அது ½ ஆகிவிடும்.

கடைசியாக, அச்சுக்கடைக்கு வேர்டு கோப்பை அனுப்பாதீர்கள். பிடிஎஃப் ஆகச் சேமித்து அனுப்புங்கள், அதற்குள் எழுத்துருவும் சேர்ந்து போகும், கட்டம் வராது. பேனர் அடிக்கும் இடத்தில் சொற்களை நகலெடுத்து அவர்கள் மென்பொருளில் ஒட்டினால், கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளிப் போய் நிற்கும். அது உங்கள் தட்டச்சுப் பிழை அல்ல, அந்த மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் திறக்காததால் வருவது. பிடிஎஃபை அப்படியே வைக்கச் சொல்லுங்கள். அடிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தாளை எடுத்து, உச்சியிலிருந்து விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். உ, ௐ, ௵, ௴, ௳, ½ ஆறும் சரியாக நின்றால் மிச்சத்தை ஓட்டச் சொல்லலாம்.